பானைச் சாமியார் கேசட்

யூடியூப்ல இருக்குன்னு நீங்களும் சொல்லிராதீங்கம்மா. இதோட பதினோரு பேரு சொல்லியாச்சு. எங்க அக்கா மகன் போன்லயே எடுத்துக் கையில குடுத்துட்டான். பாத்தேன். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை பாத்தேன். பளிச்சுன்னு இருக்கு, சாமியாரு மொட்டைத் தலையில மயிர்க்கால் கூடத் தெரியுது. ஆனா அது இது இல்லை. எனக்கு இந்தக் கேசட்தான் வேணும். இந்தக் கேசட்ல உள்ள படம்தான் வேணும்.

ஓட ஆரம்பிச்சிருச்சா? ஆமா, கலங்கித்தான் வருது. இருக்கட்டும், இருக்கட்டும். நேத்து நீங்க கேசட்டைத் திறந்து, பஞ்சை ஸ்பிரிட்டுல நனைச்சு அந்தப் பூஞ்சையைத் துடைச்சீங்கள்ல, நான் மூச்சு விடலை, பாத்துக்கிடுங்க. "ஒரு தடவைதான் ஓடும்யா, பாதியில அறுந்துச்சுன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது"ன்னீங்க. சொல்ல மாட்டேன். ஓட ஓடத்தான் கம்ப்யூட்டர்ல ஏறும், அவசரப்படுத்த முடியாதுன்னீங்க. அதுவும் நல்லதுதான். நான் இங்கனயே உக்காந்திருக்கேன். கோவில்பட்டிக்குப் போயி எனக்கு என்ன வேலை? நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருப்பேன். ஆள் கிடைச்சா பேசுற வழக்கம் ஆயிருச்சு.

எம் பேரு தவசிலிங்கம். கனி வீடியோஸ்னு கடை வச்சிருந்தேன், மெயின் ரோட்டுல. கோவில்பட்டியில அந்தக் காலத்து ஆளு யாரைக் கேட்டாலும் சொல்லுவான். ஞாயித்துக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ் லீவு, பாத்துக்கிடுங்க. சனிக்கிழமை சாயங்காலமே கடை வாசல்ல சைக்கிளா நிக்கும். கனிங்கிறது என் வீட்டுக்காரி பேரு, சண்முகக்கனி. போர்டுல அவ பேரைப் பெருசா எழுதிப்போட்டேன். ஒரு மனுசன் இதுக்கு மேல என்னம்மா செய்யணும்?

இந்தா, இவன்தான். தலையில பானை வச்சிருக்கான் பாத்தீங்களா? மலையில ஒரு சுனை இருக்கு. அந்தத் தண்ணியைக் கொண்டுபோயி, சாகக் கெடக்கிற குருவுக்குக் குடுக்கணும். ஒரு சொட்டு சிந்தக் கூடாது. வழியெல்லாம் எதிரி. கையில கம்பு கெடையாது, கத்தி கெடையாது. காலாலயே அடிப்பான். பானை அசையாது. பேரு என்னன்னு யாருக்கும் தெரியாது. எழுத்தெல்லாம் சீனாக்காரன் எழுத்து. நாங்க பானைச் சாமியார்னு பேரு வச்சோம். அதாலதான் பின்னாடி தேடும்போது எனக்கு அந்தப் பாடு. மெட்ராஸ்ல பழைய கேசட் விக்கிற கடை கடையா ஏறி, "பானைச் சாமியார் இருக்கா?"ன்னா எவனுக்குத் தெரியும்? தலையில கையை வச்சுக்கிட்டு, ஒத்தைக் காலைத் தூக்கி நடந்து காமிச்சேன். அறுபது வயசுல. சிரிக்கான். சிரிச்சுட்டு ஒருத்தன் ஒரு டிவிடி எடுத்துக் குடுத்தான். அதே படம்தான். வாங்கிட்டு வந்தேன். அதுவும் இது இல்லை.

இந்தப் படத்தை நான் முதல் முதல்ல பாத்தது எப்பன்னு நினைக்கீங்க? என் கல்யாணத்தன்னைக்கு. ஆமாம்மா, எண்பத்தொம்பது ஆவணி. வெளையாட்டுக்குச் சொல்லலை. தாலி கட்டி முடிச்சாச்சு. மண்டபத்துக்குப் பின்னாடி ஒரு ரூம்ல வீடியோக்காரர் டெக்கும் டிவியும் வச்சிருந்தாரு. "தம்பி, மெட்ராஸ்ல இருந்து புதுசா ஒரு சண்டைப் படம் வந்திருக்கு, பாக்கீங்களா?"ன்னாரு. மாலையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு உக்காந்தேன். பத்து நிமிசம்தான் பாத்தேன். பத்தோ, பதினைஞ்சோ. பட்டு வேட்டியோட சண்டைப் படம் பாத்த மாப்பிள்ளை ஊர் உலகத்துல நான் ஒருத்தன்தான்னு கடையில வர்றவங்க கிட்ட எல்லாம் சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. கனியும் அங்கதான் நிப்பா. அவ சிரிச்ச மாதிரி ஞாபகம் இல்லை.

நேத்து துடைக்கும்போது கேசட் முதுகுல ஒட்டியிருந்த சீட்டு உரிஞ்சு வந்துச்சே. அடியில இன்னொரு சீட்டு. நீங்க அதைப் படிச்சிட்டு என்னை ஒரு பார்வை பாத்தீங்க. கேப்பீங்கன்னு நினைச்சேன், கேக்கலை. எங்க கல்யாணம்னு எழுதியிருக்கும். கனி எழுத்து. அவளுக்கு 'ண' போடும்போது சுழி ஒண்ணு கூடிரும்.

சொல்றேன், அதுல ஒளிக்க என்ன இருக்கு? தொண்ணூத்தொண்ணு. மெட்ராஸ்ல இருந்து கேசட் கொண்டாந்து கடை கடையாப் போடுறவர் ஒருத்தர் வந்தாரு. பையில பானைச் சாமியார். நான் ரெண்டு வருசமாத் தேடிக்கிட்டிருந்த படம். நாலு மணி பஸ்ஸுக்குப் போயாகணும், அதுக்குள்ள காப்பி போட்டுக்கன்னாரு. ஞாயித்துக்கிழமை. ஊர்ல ஒரு கடை இல்லை. வெத்துக் கேசட் ஒண்ணு கூட இல்லை. வீட்டு அலமாரியில இது இருந்துச்சு. கல்யாண கேசட்டுக்கெல்லாம் பின்பக்கம் இருக்கிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக்கை உடைச்சுத்தான் குடுப்பாங்க, உங்களுக்குத் தெரியாததா. அதை உடைச்சிட்டா மேல எதையும் பதிய முடியாது. ஆனா அந்த ஓட்டை மேல செல்லோடேப்பை ஒட்டினா டெக்கு ஏமாந்துரும். ஒட்டினேன். கனி உள்ள மீன் கழுவிக்கிட்டிருந்தா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா வேண்டாம்னு சொல்லிருவாளே, அதான் கேக்கலை.

நீங்களே சொல்லுங்கம்மா, கல்யாண வீடியோவை யாரு திரும்பத் திரும்பப் பாக்கா? வாழைமரம், வரவேற்பு, தாமரைப்பூ விரியும், அதுக்குள்ள நம்ம மூஞ்சி. ரெண்டு தடவை பாத்தா சலிச்சுப் போகும். அவதான் பாப்பா. எதுக்குன்னா, அதுல அவங்க அப்பா இருந்தாரு. எங்க மாமனார் தங்கப்பழம். விளாத்திகுளத்துல பலசரக்குக் கடை. கல்யாணம் முடிஞ்ச அஞ்சாம் மாசம், கடையில பொட்டலம் மடிச்சுக்கிட்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவர், எந்திரிக்கலை. வீட்டுல போட்டோ ஒண்ணு மாட்டியிருந்தாங்க. விறைச்சுக்கிட்டு நிப்பாரு, அவரு மாதிரியே இருக்காது. அவரு நடக்கிறது, பேசுறது, சிரிக்கிறதெல்லாம் இதுல மட்டும்தான் இருந்துச்சு.

ஏம்மா அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க? ஆமா, கேசட்டைப் பாக்கணும்ல. பாருங்க, பாருங்க.

அதுக்கடுத்து மாமனாரோட நினைவு நாள் வந்துச்சு. கனி அவங்க அம்மா, சித்திமாரு எல்லாரையும் கூட்டி உக்கார வச்சா. டிவிக்குப் பக்கத்துல விளக்கேத்தி, பூப் போட்டு, "அப்பாவைப் பாருங்க"ன்னு சொல்லிக் கேசட்டைப் போட்டா. நான் சீட்டை மாத்தி ஒட்டினதை அவ கவனிக்கலை. அந்த இடத்துலதான் எப்பவும் இருக்கும், எடுத்துப் போட்டுட்டா. மணி அடிக்கிற சத்தம். பானைச் சாமியார் குதிச்சு வாரான். சின்ன சித்தி, "இது யாரு, மாப்பிள்ளை வீட்டு ஆளா?"ன்னு கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சிருக்கக் கூடாதுதான். வந்துருச்சு, என்ன செய்ய?

கனி கத்தலை. எந்திரிச்சு டிவியை அமத்தினா. கேசட்டை வெளிய எடுத்தா. கடைக்கு நடந்து போயி மேசையில வச்சுட்டு, "இதையும் வாடகைக்கு விடுங்க"ன்னா. நானும் விட்டேன். அவதானே சொன்னா? ரெண்டு வருசம் பானைச் சாமியார் மாதிரி ஒரு படம் எங்க ஊர்ல ஓடலை, பாத்துக்கிடுங்க.

கேசட்ல மிச்சத்தை ஓட்டிப் பாத்தீங்களான்னுதானே கேக்கீங்க? பாக்கலை. கடையில அவ்வளவு கூட்டம். எங்க நேரம்?

அதுக்காகப் போயிட்டா. ஒரு கேசட்டுக்காக. உடனே இல்லை, அதுக்கப்புறம் பதினோரு வருசம் என்கூடத்தான் இருந்தா. ஒரு சண்டை கெடையாது, ஒரு ஏச்சு கெடையாது. சோறு வைப்பா, துணி மடிப்பா, நான் கடையில இருந்து வந்து சொல்ற கதையெல்லாம் கேப்பா. பிள்ளை இல்லை, அதுக்கும் ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்லை. அவங்க அண்ணன் மக சடங்குக்கு விளாத்திகுளம் போனா. வரலை. ஒரு மாசம் பாத்தேன், ரெண்டு மாசம் பாத்தேன். மஞ்சப் பையில அவ சேலையெல்லாம் எடுத்துட்டுப் போயிருக்கா, அதையே நான் மூணாம் மாசம்தான் பாத்தேன். போயிக் கூப்பிடலையான்னு கேப்பீங்க. கடையை யாரு பாக்குறது? கூட்டம் இல்லைதான், சிடி வந்துருச்சு, ஒரு நாளைக்கு ரெண்டு பேரு வந்தாப் பெருசு. ஆனாலும் வர்ற ரெண்டு பேருக்கு ஆள் வேணும்லம்மா.

இந்தச் சண்டையைப் பாருங்க, பாலத்துச் சண்டை. எட்வின் மாஸ்டர் இதை முப்பது தடவை பாத்திருப்பாரு. சாத்தூர்க்காரர், கராத்தே மாஸ்டர். பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கணும்னு இந்தக் கேசட்டை வாங்கிட்டுப் போனவரு திருப்பிக் குடுக்கவே இல்லை. வீட்டைக் காலி பண்ணிட்டாரு. அப்ப நான் பெருசா எடுத்துக்கலை. கனி எங்கூட இருந்த காலம் அது. போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்.

பிறகு எதுக்கு இப்பத் தேடினீங்கன்னா, சொல்றேன். ஆறு வருசம் இருக்கும். தனியா இருக்கேன், கடை இருந்த இடத்துக்கு மாடியிலயே ஒரு ரூம். மெஸ்ல சாப்பாடு. அக்கா மகன் அந்தப் போனைக் குடுத்துட்டுப் போனான். மத்தியானம் படுத்துக்கிட்டே பானைச் சாமியாரைப் பாத்தேன். முடிஞ்சுது. நான் போனைக் கீழ வைக்கலை. பாத்தா, தானா அடுத்த படம் ஓட ஆரம்பிக்குது! ஏதோ சமையல் காமிக்காங்க. அதைப் பாத்துக்கிட்டே கெடந்தேன். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நம்ம கேசட்ல பானைச் சாமியாருக்கு அப்புறம் என்ன ஓடும்?

யாருக்கும் தெரியாதும்மா! படம் முடிஞ்சதும் ரீவைண்ட் பண்ணிக் குடுங்கன்னு கடைச் சுவத்துல நானே எழுதிப் போட்டிருந்தேன். சிவப்பு மையில. எங்க ஊர் ஆளுக சொன்ன சொல்லு தட்ட மாட்டாங்க. முடிஞ்சதும் படக்குனு அமுத்தித் திருப்பிருவாங்க. கோவில்பட்டியில பாதிப் பேரு பாத்த கேசட், ஒருத்தன் கூட அதைத் தாண்டி ஓடவிட்டதில்லை. நானும் விட்டதில்லை. படம் ஒரு மணி முப்பத்துநாலு நிமிசம். எங்க கல்யாண வீடியோ ஒரு மணி அம்பது. பதினாறு நிமிசம் மிச்சம் இருக்கு. வீடியோ கடைக்காரன் நானு. இந்தக் கணக்கு எனக்கு இத்தனை வருசம் கழிச்சுத் தோணுது.

அன்னைக்கே கிளம்பிட்டேன். எட்வின் மாஸ்டர் செத்துட்டாரு. அவரு வீட்டம்மா சிவகாசியில இருந்தாங்க. "கேசட்டெல்லாம் அவரோட சிஷ்யன் சீனிராஜ் கொண்டுபோயிட்டான், ஓசூர்ல லேத்துப் பட்டறையில இருக்கான்"னாங்க. ஓசூர்ல எத்தனை லேத்துப் பட்டறை இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? நாலு தடவை போனேன். போன மாசம்தான் ஆளைக் கண்டுபிடிச்சேன். கேசட்டா, எல்லாத்தையும் எடைக்குப் போட்டாச்சேன்னான். தண்ணி குடுங்கன்னு உக்காந்தேன். உக்காந்து பாக்கேன், அவன் பொண்டாட்டி தைச்சுக்கிட்டிருக்கு, அந்த மெஷின் கால் ஒண்ணு குட்டை. அதுக்கு அடியில முட்டுக் குடுத்திருக்கிறது கேசட். குனிஞ்சு பாத்தா என் கையெழுத்து. "அதை எடுத்தா மெஷின் ஆடுமே"ங்குது அந்தப் பிள்ளை. பட்டறைக்குப் போயி ஒரு கட்டையை அளவா அறுத்து வாங்கிட்டு வந்து, நானே கீழ உக்காந்து வச்சுக் குடுத்துட்டுத்தான் இதை எடுத்தேன்.

அந்தப் பதினாறு நிமிசத்துல மாமனார் இருக்காரோ இல்லையோ, தெரியாது. கேமராக்காரன் கடைசியில எதைப் பதிஞ்சான், எங்க நிறுத்தினான், யாருக்கு ஞாபகம்? வெறும் வாழைமரமா இருந்தாலும் இருக்கும். இருந்தா கனிக்கு அனுப்பணும். நம்பர் இருக்கு. அவங்க அண்ணன் மகன் குடுத்து மூணு வருசம் ஆச்சு. என்னத்தைச் சொல்லிப் பேச? இது இருந்தாப் பேசலாம்.

இந்தா, முடியப் போகுது. குருவோட குடிசைக்கு வந்துட்டான். குரு செத்துட்டாரு. அது கெடக்கட்டும், பானையைப் பாருங்க, ஒரு சொட்டு சிந்தலை! இறக்கி வைக்கான். பக்கத்துல உக்காருறான். அவ்வளவுதான்.

அய்யோ, கையை எடுங்கம்மா! நிறுத்திராதீங்க! பாத்தீங்களா, உங்களுக்கும் அந்தப் பழக்கம். ஓடட்டும். புள்ளி புள்ளியாத்தான் இருக்கும். ஓடட்டும். கொஞ்சம் பொறுங்க.

கொஞ்சம் பொறுங்க.

பந்தி. பந்திம்மா! எங்க கல்யாணப் பந்தி. பாட்டுப் போடாம விட்டிருக்கான், சத்தம் எல்லாம் அப்படியே கேக்குது பாருங்க. அந்தா பச்சைப் பட்டுல, இலைக்கு முன்னால, அதுதான் கனி. இருபத்திரெண்டு வயசு. பரிமாறியாச்சு, கை வைக்காம இருக்கா பாருங்க. வெக்கம்.

மாமா. அந்தா நிக்காரு பாருங்க, வாளியோட. பாயசம். எங்க மாமனாரும்மா அது. இருக்காரு. முழுசா இருக்காரு. எவ்வளவு நாளாச்சு. சத்தத்தைக் கூட்டுங்க, கொஞ்சம் கூட்டுங்க.

"இது மாப்பிள்ளை எடம். வேற யாரும் உக்காராதீங்கய்யா."

கேட்டீங்களா? கனிக்குப் பக்கத்து நாற்காலியில அவரு துண்டைப் போட்டு இடம் பிடிச்சு வச்சிருக்காரு. எனக்குத்தான். இலையில எல்லாம் வச்சாச்சு பாருங்க, பாயசம் கூட. கனி குரலு இது. "வந்துருவாகப்பா, நீங்க போய்ச் சாப்பிடுங்க"ங்கா. "மாப்பிள்ளை உக்காரட்டும் தாயி, நான் பெறகு சாப்பிடுதேன்"ங்காரு. எப்பவும் அப்படித்தான், மரியாதையான மனுசன்.

நான் இப்ப வந்துருவேன் பாருங்க. அவ பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட்டேன், நல்லா ஞாபகம் இருக்கு. பாயசத்தை அவ இலைக்குத் தள்ளினேன், அவ சிரிச்சா. வந்துருவேன். கதவைப் பாக்கா பாருங்க. நான் வாரேனான்னு பாக்கா. திரும்பப் பாக்கா. பக்கத்துல உள்ளவங்க எல்லாம் சாப்பிட்டு எந்திரிக்காங்களே. எத்தனை நிமிசம் ஆச்சு?

மாமா கேமராக்காரன் கிட்ட வாராரு. எவ்வளவு கிட்டத்துல தெரியுறாரு. "தம்பி, மாப்பிள்ளையை எங்கயும் பாத்தீங்களா?"ங்காரு. "பசியோட இருப்பாரு"ங்காரு.

எங்க இருந்தேன்னா கேக்கீங்க? சொன்னேனேம்மா. முதல்லயே சொன்னேனே. பின்னாடி ரூம்ல. பத்து நிமிசம்னு சொன்னேன்.

இல்லை, தண்ணி வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன். இந்த நம்பரைக் குறிச்சுக்கிடுங்க. நீங்களே அனுப்பிருங்க, என் போன்ல இருந்து போனாத் திறக்க மாட்டா. படம் வேண்டாம்மா. சாமியாரை வெட்டி எறிஞ்சிருங்க. இது மட்டும் போதும். அவங்க அப்பா பேசுறாருன்னு மட்டும் எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேண்டாம். எம் பேரு வேண்டாம்.

இன்னும் எவ்வளவு இருக்கு? ஒரு நிமிசமா? பொறுங்க, அதுக்குள்ள வந்துருவேன். அந்தா யாரோ வேட்டி கட்டி வாராங்க... அது நான் இல்லை. அது சமையல்காரரு. கனி இலையில சோறு ஆறிப்போயிருக்கும். துண்டு நாற்காலியிலயே கெடக்கு. மாமா திரும்ப வந்து அது பக்கத்துலயே நிக்காரு.

கேசட் முடியுது, பாத்துக்கிடுங்க. நான் இன்னும் வரலை.